இரண்டு கிரவுண்டு நிலம்: சென்னைக் கல்லூரிப் பெண்களும் கூடைப்பந்தும்

கூடைப்பந்தின் பிறப்பைப் பற்றி எழுதுவோர் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதற்கு அடுத்த ஆண்டே அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் மாணவிகளுக்கு இவ்விளையாட்டைக் கற்பித்தார் என்பதும், 1893 மார்ச்சில் அங்கு நடந்த முதற்போட்டியைக் காண ஆண்களுக்கு அனுமதி இல்லை என்பதும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. கூடைப்பந்து தோன்றிய நாள் முதலே கல்லூரிப் பெண்களின் விளையாட்டாகவும் இருந்துவந்திருக்கிறது.

ஆனால் எப்படிப்பட்ட விளையாட்டாக? பெரன்சன் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குள் கால்வைக்கக் கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதும் கூடாது. பெண்ணுடல் களைத்துவிடும், பெண்மை குலைந்துவிடும் என்ற அன்றைய அச்சங்களுக்குப் பதிலாகவே இவ்விதிகள் எழுந்தன. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் களம் முழுதும் ஓடியாடும் ஐவர் ஆட்டத்தை நிலையாகப் பெற்றது 1971இல்தான். ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936இல் நுழைந்தது. பெண்கள் 1976 வரை, நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

சென்னைக்கு இவ்விளையாட்டு வந்த வழி ஒய்.எம்.சி.ஏ. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய உடற்கல்விப் பள்ளிதான் பின்னர் நந்தனத்தில் நாம் காணும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு சென்றவர் பக். 1943இல் சென்னையிலேயே மறைந்தார். அவரது நிறுவனம் செய்த பெரும்பணி, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கித் தந்ததாகும். ஒரு விளையாட்டு ஊரில் வேரூன்றப் பந்தும் வளையமும் போதா. மாலை நான்கு மணிக்கு விசிலோடு வந்து நிற்க ஒருவர் வேண்டும்.

அந்த விசிலுக்கு வந்து நிற்கப் பெண்களும் வேண்டுமல்லவா? 1914இல் டோரதி டி லா ஹே அம்மையாரை முதல்வராகக் கொண்டு மயிலாப்பூர்க் கடற்கரையோரம் தொடங்கிய கல்லூரி, 1917இல் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. 1915இல் எலினார் மக்டூகல் தலைமையில் மகளிர் கிறித்துவக் கல்லூரி உருவானது. மயிலாப்பூரில் 1947இல் பிறந்த ஸ்டெல்லா மாரிஸ் பின்னர் கதீட்ரல் சாலைக்கு இடம்பெயர்ந்தது. 1948இல் எத்திராஜ் கல்லூரியும், 1992இல் நுங்கம்பாக்கத்தில் எம்.ஓ.பி. வைணவக் கல்லூரியும் தோன்றின. பெண் படிக்க வந்ததே பெரிது என்றிருந்த காலத்தில், அவள் மதிலுக்குள் ஓடவும் குதிக்கவும் இக்கல்லூரிகள் இடம் தந்தன. வீட்டிலும் தெருவிலும் கிடைக்காத இடம் அது.

போட்டிகளின் ஏணியையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி அணி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிடைப் போட்டியில் ஆடும். அங்கு மின்னுபவள் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டையை அணிந்து தென்மண்டலப் போட்டிக்குச் செல்வாள். அங்கிருந்து அகில இந்தியப் போட்டி. இடையில் லயோலாவின் பெர்ட்ரம் நினைவுப் போட்டி போன்ற அழைப்புப் போட்டிகள். நேற்று எதிரணியில் முழங்கையால் இடித்தவள் இன்று ஒரே அணியில் பந்தைத் தருபவளாகிவிடுவாள் என்பது இந்த ஏணியின் தனியழகு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெருகியபின் இது மாறியது. கல்விக்கட்டணச் சலுகையும் விடுதியும் தந்து வீராங்கனைகளைச் சேர்க்க வல்ல அவை, தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகவே மண்டலப் போட்டிக்கு வருகின்றன. நகருக்குள் இருக்கும் சிறிய மகளிர் கல்லூரி, நல்ல ஆட்டக்காரியைத் தக்கவைத்துக்கொள்ளவே போராட வேண்டியிருக்கிறது.

ஏணியின் உச்சிக்குச் சென்றவர்களும் உண்டு. சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார்; இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்; தாயான பின்னும் களத்துக்குத் திரும்பி, 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற அணியில் இடம்பெற்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தது. கேரளத்திலிருந்து வந்த கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். இருவருக்கும் சோறு போட்டது சென்னையில் தென்னக ரயில்வே. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை: நடுத்தர வீட்டுப் பெண் பட்டம் பெற்றபின்னும் பந்தைக் கீழே வைக்காமலிருக்க இந்நாட்டில் பெரிதும் உதவியது இதுவே. அது கிடைக்காதவளின் ஆட்டம் பெரும்பாலும் மூன்றாமாண்டுத் தேர்வோடு முடிந்துவிடுகிறது.

2009 செப்டம்பரில் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்றது. பட்டம் சீனாவுக்குச் சென்றது. இந்திய மகளிர் இன்றுவரை ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதில்லை. ஆனால் இவ்வரலாற்றைக் கோப்பைக் கணக்கால் மட்டும் அளந்தால் அதன் பெரும்பகுதி விடுபட்டுப் போகும்.

2003 ஏப்ரலில் ராணி மேரி கல்லூரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது, மாணவிகள் வளாகத்தை விட்டு அகல மறுத்துப் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அன்று அவர்கள் காத்தது கல்லூரியை மட்டுமன்று, நகரின் நடுவே பெண்களுக்கென்று இருந்த திறந்தவெளியையும்தான். கூடைப்பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர்; சென்னைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. இன்றைய மயிலாப்பூர் விலையில் அங்கே ஓர் அடுக்ககம் எழும்பிவிடும். அவ்வளவு நிலத்தை விற்காமல், கார் நிறுத்தாமல், பத்துப் பெண்கள் மாலைதோறும் வியர்க்க விட்டுவைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியும், தான் ஒரு கோப்பையும் வெல்லாவிட்டாலும், இந்த வரலாற்றில் இடம்பெற வேண்டியதே.