ஒப்படைத்தலும் கணக்குக் கேட்டலும்: மலாக்கா வட்டாரத் தமிழர் தொழில்களில் பொறுப்புப் பகிர்வு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிறுதொழில் நடத்துவோரிடையே 'தன் கையே தனக்குதவி' என்னும் பழமொழிக்கு மிகுந்த செல்வாக்கு உண்டு. கடையைத் திறப்பதும் அடைப்பதும், சரக்குக் கொள்முதல் செய்வதும், கல்லாவில் அமர்வதும் ஒருவரே என்னும் நிலையில் தொடங்கும் தொழில், அந்த ஒருவரின் உடல்வலிமை தாங்கும் அளவுக்கே வளரும். அவர் நோயுற்றால் கடை மூடப்படுகிறது. அவர் மறைந்தால் தொழிலும் மறைந்துவிடுகிறது. தமிழர் கடைகள் ஒரு தலைமுறையைத் தாண்டுவதில்லை என்னும் மனக்குறைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும், பிறரிடம் பொறுப்பை ஒப்படைத்துத் தொழில் நடத்தும் முறை தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆளை ஆராய்ந்து தெளிவது முதலில். தெளிந்தபின் வினையை அவனிடம் விடுவது அடுத்து. அரசனுக்குக் கூறப்பட்ட இவ்வரிசை வணிகனுக்கும் பொருந்துவதே. இவ்வரிசையைத் தொழில்முறையாகவே ஆக்கியவர்கள் மலாயாவில் வாழ்ந்தனர். மலாக்கா வட்டாரத்தை நடுவாகக் கொண்டு, துறைமுக வணிகம், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முகவர் முறை, தோட்டங்களின் கங்காணி முறை ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி, பொறுப்பை ஒப்படைத்தல் எந்நிலையில் வளர்ச்சி தந்தது, எந்நிலையில் தீங்காயிற்று என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

துறைமுக மலாக்காவில் ஒப்படைத்தல்

பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்கா பருவக்காற்றை நம்பிய துறைமுகம். ஒரு வணிகர் தம் சரக்கு செல்லும் இடங்களுக்கெல்லாம் தாமே செல்ல இயலாது. எனவே, சரக்கை மரக்கலத் தலைவனாகிய நாகுதாவிடமோ உடன் செல்லும் வணிகரிடமோ ஒப்படைக்கும் வழக்கம் இங்கு வேரூன்றியிருந்தது. மலாக்காவின் கடற்சட்டமாகிய 'உண்டாங்-உண்டாங் லாவுட் மலாக்கா' கடலில் நாகுதாவுக்கு மன்னனுக்கு நிகரான அதிகாரத்தை அளித்தது. அதேவேளையில் அவருடைய கடமைகளையும் பயண வணிகர்களின் உரிமைகளையும் வரையறுத்தது.

போர்த்துக்கீசியரான தோமே பிரஸ் 1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிய 'சுமா ஓரியண்டல்' என்னும் நூலில் இவ்வழக்கம் பதிவாகியுள்ளது. மலாக்காவிலுள்ள வணிகர் இழப்பின் ஆபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டு 100 குருசாடோ மதிப்புள்ள சரக்கைச் சாவகம் செல்லும் கலத்தலைவரிடம் கொடுத்தால், கலம் திரும்பியபின் 140 பெறுவார்; கலம் துறையை அடைந்த 44 நாள்களில் அத்தொகை செலுத்தப்பட வேண்டும் என்பது அவர் தரும் செய்தி. ஆபத்து யாருடையது, ஆதாயம் எவ்வளவு, கணக்கு எந்நாளில் என்னும் மூன்றும் கலம் புறப்படும் முன்னரே முடிவாகிவிட்டன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் இத்துறைமுகத்தில் பெருஞ்செல்வாக்குடன் வாழ்ந்தனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், அவர்களுள் ஒருவரான நைனா சாத்துவைப் பெண்டஹாராவாக அமர்த்தியமை இதற்குச் சான்றாகும்.

அவ்வணிகர் மரபில் வந்த மலாக்காச் செட்டிகள் ஒல்லாந்தர் ஆட்சியின்போது, 1781இல், இன்றைய துக்காங் இமாஸ் சாலையில் பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்தை எழுப்பினர். காலப்போக்கில் அவ்வாலயத்தின் பராமரிப்புப் பொறுப்பு நாட்டுக்கோட்டை நகரத்தார் வசம் வந்தது. ஆலயம் ஒரு சமூகத்தாரின் மரபுரிமையாகவும் நிருவாகம் மற்றொரு சமூகத்தாரின் கடமையாகவும் அமைந்த இந்நிலையே, உரிமையையும் நிருவாகத்தையும் பிரித்துக் காணும் பழக்கம் இவ்வூர்க்குப் புதிதன்று என்பதைக் காட்டும்.

செட்டியார்களின் முகவர் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளில் பரவிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் கடல்கடந்த தொழிலைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்றே குறிப்பிட்டனர். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். கடை மலாக்காவிலோ பினாங்கிலோ இரங்கூனிலோ இருக்கும். கடல் இடையே கிடக்க, கடிதம் சென்று மறுமொழி வர வாரங்கள் ஆகும் நிலையில், கடன் கேட்டு வாசலில் நிற்பவருக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதை முதலாளி முடிவு செய்ய இயலாது. கடையில் இருப்பவரே முடிவு செய்தாக வேண்டும். இத்தேவையிலிருந்து உருவானதே முகவர் முறை.

கடையின் தலைமைப் பொறுப்பாளர் மேலாள் எனப்பட்டார். அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாளும், கடைநிலையில் பெட்டியடிப் பையனும் இருந்தனர். பெட்டியடியில் அமரும் சிறுவன் ஏவல்வேலைகளுடன் தொடங்கி, பணம் எண்ணவும், சிட்டை எழுதவும், பேரேட்டில் பதியவும், வட்டி கணக்கிடவும் படிப்படியாகக் கற்றான். கடன் கேட்டு வருபவரின் பேச்சையும் முகத்தையும் மேலாள் எவ்வாறு எடைபோடுகிறார் என்பதை அருகிலிருந்தே கண்டான். பல ஆண்டுகள் இவ்வாறு பழகியவனே அடுத்தாளாகவும் பின்னர் மேலாளாகவும் உயர முடிந்தது. ஆகவே, முதலாளி ஒருவரிடம் கடையை ஒப்படைத்தபோது முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கவில்லை. தம் தொழிலே வளர்த்தெடுத்த ஒருவரிடம் ஒப்படைத்தார். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய புதினங்கள் இக்கடைகளின் அன்றாட வாழ்வை உள்ளிருந்து காட்டுவன. ஆசிரியர் இளமையில் மேடானுக்குச் சென்று கடையில் பணிபுரிந்தவர் என்பதால் அச்சித்திரிப்புக்குத் தனி மதிப்பு உண்டு.

இம்முறையைத் தாங்கி நின்ற தூண்கள் நான்கு எனலாம். முதலாவது எழுத்து. முகவரின் ஊதியமும் பணிக்காலமும் பொறுப்புகளும் சம்பளச் சீட்டில் எழுதப்பட்டன. நீதிமன்றத்திலும் நில அலுவலகத்திலும் முதலாளியின் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம் வழங்கப்பட்டது. கடையின் விலாசமாகிய முன்னெழுத்துகளை இட்டே முகவர் கையொப்பமிட்டார். தாம் செய்வது தம் பெயரில் அன்று, விலாசத்தின் பெயரில் என்பதை ஒவ்வொரு கையொப்பமும் அவருக்கு நினைவூட்டியிருக்கும்.

இரண்டாவது காலவரை. பொதுவாக மூன்றாண்டுகள் ஒரு கணக்காகக் கொள்ளப்பட்டன. அது முடிந்ததும் முகவர் புதியவரிடம் கடையை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவார். புதியவர் ஒவ்வொரு கடனையும் ஈட்டையும் சரிபார்த்தே ஏற்பார். எனவே, முன்னவர் மறைத்த தவறு பின்னவர் கையில் வெளிப்பட்டுவிடும். தனியே தணிக்கையாளர் தேவைப்படாமல் ஆள்மாற்றமே தணிக்கையாயிற்று.

மூன்றாவது கணக்கு. வரவும் பற்றும் நாள்தோறும் எழுதப்பட்டு, ஐந்தொகை உரிய காலத்தில் ஊருக்கு அனுப்பப்பட்டது. முதலாளி ஒவ்வொரு கடனுக்கும் அனுமதி தருவதில்லை. ஆயினும், எக்கடனும் அவர் பார்வைக்குத் தப்புவதில்லை. ஒப்படைத்தல் வேறு, கைகழுவுதல் வேறு என்னும் தெளிவு இதில் அடங்கியுள்ளது.

நான்காவது பங்கு. ஊதியத்தின் ஒரு பகுதி, முகவர் கப்பலேறுமுன்னரே குடும்பச் செலவுக்கு முன்பணமாகத் தரப்பட்டது. அதனுடன் ஆதாயத்தில் ஒரு பகுதியும் அவருக்கு உரியதாயிற்று. சில தவணைகள் திறம்பட உழைத்தவர் சேர்த்த பணத்தைக் கொண்டு தாமே கடை தொடங்குவதும் இயல்பாக இருந்தது. பர்மா மாகாண வங்கியியல் விசாரணைக் குழுவின் 1929–30ஆம் ஆண்டு அறிக்கை இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. நேர்மையான முகவர் நாளை போட்டியாளராகவும் ஆகலாம் என்பதை அறிந்தே முதலாளிகள் பொறுப்பைக் கொடுத்தனர்.

தோட்டத்தில் மற்றொரு சங்கிலி

இதே மலாக்கா மண்ணில் பொறுப்புப் பகிர்வின் வேறொரு வடிவமும் வளர்ந்தது. 1896இல் தான் சாய் யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவெங்கும் ரப்பர் பரவியபோது ஆள்பலம் வேண்டியிருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே முதன்மை பெற்றது.

தோட்டத் துரை ஆள்திரட்டும் பொறுப்பைக் கங்காணியிடம் ஒப்படைத்தார். கங்காணி தம் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். பெரட்டில் ஆள்களை நிறுத்துவது, வேலை வாங்குவது, பூசலைத் தீர்ப்பது என யாவும் அவர் கையில் இருந்தன. வேலைக்கு வந்த ஆள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கிராணி, மண்டோர், கங்காணி எனப் படிகள் பல இருந்தன.

மேலோட்டமாக நோக்கின் இதுவும் முகவர் முறை போன்றதே. ஆனால், அடிப்படை வேறுபாடுகள் உள. மேலாளின் ஆதாயம் கடையின் ஆதாயத்தோடு பிணைந்திருந்தது. கங்காணியின் ஆதாயமோ தலைகளின் எண்ணிக்கையோடு பிணைந்திருந்தது. நோயுற்றவரையும் பெரட்டுக்கு இழுக்கும் தூண்டுதல் அக்கூலிமுறையிலேயே அடங்கியிருந்தது. மேலாளின் பதவிக்குக் காலவரை உண்டு. கங்காணியின் ஆதிக்கத்திற்கு அவ்வாறு எல்லை இல்லை. பெட்டியடிப் பையன் மேலாளாக உயர வழி இருந்தது. பால்மரம் வெட்டிய தொழிலாளி கிராணியாக உயரும் வழி மிகக் குறுகியது. எல்லாவற்றிற்கும் மேலாக, கணக்கு மேல்நோக்கி மட்டுமே சென்றது. செக்குரோலில் தம் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டது என்பதை எழுத்தறியாத தொழிலாளி அறிய இயலவில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்ததோடு இந்த ஆள்திரட்டு முறை முடிவுற்றது; அது வளர்த்த இடைத்தரகு மனப்பான்மை எளிதில் மறையவில்லை.

முகவர் முறையின் எல்லைகள்

செட்டியார்களின் முறையைக் குறையற்றதாகக் காட்டுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. அம்முறையில் நம்பிக்கை, உறவு, சாதி, ஊர் என்னும் வட்டங்களுக்குள்ளேயே பெரும்பாலும் நின்றது. மலாயாவில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞனுக்குப் பெட்டியடியில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. கடன் பெற்றவர்கள் கண்டது மூன்றாண்டில் ஊர் திரும்பும் முகவரை மட்டுமே. முடிவான உரிமையாளரை அவர்கள் கண்டதில்லை.

பொருளாதார மந்தம் மற்றொரு எல்லையைக் காட்டியது. 1929க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப இயலாதவர்களின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. வட்டி கணக்கிடப் பயின்ற முகவர் ஒரே நாளில் தோட்ட உரிமையாளரின் பிரதிநிதியானார். மரத்தையும் மண்ணையும் அறியாத அவர், கிராணியையும் கங்காணியையும் நம்ப வேண்டியவரானார். இவ்வாறு இரு சங்கிலிகளும் ஒன்றோடொன்று இணைந்தன. தாம் அறியாத வேலையை ஒப்படைப்பவர் அதற்குக் கணக்குக் கேட்கவும் இயலாதவராகிறார் என்னும் உண்மையும் வெளிப்பட்டது.

1942 சனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமானது. செட்டிநாட்டுடன் கடிதப் போக்குவரத்து அறுந்தது. மதிப்பிழந்துவந்த ஜப்பானிய நோட்டுகளைக் கொண்டு பழைய கடனை அடைக்க வந்தவர்களுக்கு என்ன மறுமொழி கூறுவது என்பதை முகவர்கள் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. வாங்கினால் முதல் அழியும். மறுத்தால் ஆட்சியாளரின் சினத்திற்கு ஆளாக நேரும். எந்தச் சம்பளச் சீட்டும் இந்நிலையை எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று. போர்க்காலத்தில் தீர்க்கப்பட்ட கடன்களின் நிலையை வரையறுக்க 1948இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

பின்னர், 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிய ஆள்களின் வருகையைக் கட்டுப்படுத்தியது. ஆள்மாற்றத்தையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு முறைக்கு இது பேரிடியாகும். ஊரிலிருந்து வரும் பெட்டியடிப் பையனை மட்டுமே நம்பியிருந்த கடைகளுக்கு, அவன் வர இயலாதபோது அடுத்த மேலாளும் இல்லாமற்போனார். தோட்டத் துண்டாடல் பெருகிய அக்காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் வேறொரு வழியைக் காட்டியது. அங்குத் தொழிலாளரே பங்குதாரர். நிருவாகம் அவர்கள் சார்பில் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்குக் கேட்கும் உரிமை முதன்முறையாகப் பால்வெட்டிய கைகளுக்கு வந்தமை அதன் சிறப்பாகும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். பொறுப்பை ஒப்படைப்பது ஒரே நாளில் நிகழும் செயலன்று. பெட்டியடியில் தொடங்கும் நெடிய பயிற்சியின் முடிவே அது. ஒப்படைக்கும் அதிகாரத்திற்கு எழுத்தில் எல்லை வேண்டும். காலத்தில் வரையறை வேண்டும். ஆதாயத்தில் பங்கு வேண்டும். கணக்குக் கேட்கும் ஒழுங்கும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், ஒப்படைத்தல் ஏமாற்றமாகவோ ஒடுக்குமுறையாகவோ திரிந்துவிடும். செட்டியார் கடை முன்னதற்கு அரணாக நின்றது. கங்காணி முறை பின்னதற்குச் சான்றாயிற்று.

இன்று மலாக்காவிலும் பிற நகரங்களிலும் மளிகைக்கடையோ உணவகமோ அச்சகமோ நடத்தும் தமிழர் பலர் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள். பிறரிடம் ஒப்படைக்க அவர்கள் தயங்குவதைப் பிடிவாதம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவர்களின் பெற்றோரும் பாட்டனாரும் கண்ட ஒப்படைத்தல் கங்காணியின் ஒப்படைத்தலே. பெட்டியடியும் ஐந்தொகையும் அவர்கள் வீட்டு மரபில் இல்லை. அம்மரபு சாதி வட்டத்திற்குள் நின்றுவிட்டமையால் சமூகம் இழந்தது பெரிது.

அவ்விழப்பை ஈடுசெய்யும் வாய்ப்பு கல்வியாளர்க்கு உண்டு. 'தெரிந்துவினையாடல்' அதிகாரத்தை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், அதனை மன்னர் காலச் செய்தியாக மட்டும் விளக்காமல், மலாக்காவின் கடைத்தெருவோடும் மாணவரின் தந்தை நடத்தும் கடையோடும் இணைத்துக் காட்டலாம். சிட்டை, பேரேடு, ஐந்தொகை ஆகிய சொற்கள் அம்மாணவரின் நாவில் மீண்டும் வழங்குமாயின், அவற்றின் பின்னுள்ள ஒழுக்கமும் ஒருநாள் அவர் கடைக்கு வந்து சேரும் என நம்பலாம்.