ஜாவா நம் பெயரைக் கேட்ட வரலாறு

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர் எழுதும் முதற்பயிற்சிகளுள் ஒன்று, பயனரின் பெயரையும் வயதையும் கேட்டுச் சரிபார்ப்பது. பெயரின் ஒவ்வொரு குறியும் எழுத்துதானா என்று 'இஸ்லெட்டர்' செயற்கூற்றால் சோதிப்பர். வயதை 'பார்ஸ்இன்ட்' கொண்டு எண்ணாக மாற்றுவர். இந்நிரலில் 'மீனா' என்று தமிழில் உள்ளிட்டால், பெயர் பிழை என்னும். வயதை '௧௨' என்று தமிழெண்ணில் தந்தால் பன்னிரண்டு என ஏற்கும். அதே பன்னிரண்டைப் பழைய முறைப்படி '௰௨' என்று எழுதினால் விதிவிலக்கை எறிந்து நின்றுவிடும். இம்மூன்று விடைகளுக்கும் காரணம் மாணவரின் தவறன்று; வரலாறு.

1991இல் சன் நிறுவனத்தில் ஜாவாவின் முன்வடிவம் உருவானபோது, வீட்டு மின்னணுக் கருவிகளே அதன் இலக்கு. 1995இல் அது உலகறிய வெளிவந்தபோது இணைய உலாவியே அதன் மேடையாயிற்று. முனையத் திரையின் முன் அமர்ந்து விடை தட்டும் மாணவர் அவ்வடிவமைப்பின் மையத்தில் இல்லை. 1996இன் முதற்பதிப்பில் ஒரு வரியைப் படிக்க 'டேட்டாஇன்புட்ஸ்ட்ரீம்' வகுப்பின் 'ரீட்லைன்' பயன்பட்டது. ஜாவாவின் வரியுரு 16 பிட்டு அளவினது. ஒருங்குறியை நம்பி அமைந்தது. ஆனால் ரீட்லைன் ஒரு பைட்டை ஒரு வரியுருவாகவே கொண்டது. ஆங்கிலத்துக்கு இது போதும்; நம் மொழிகளுக்குப் போதாது.

1997இல் வெளிவந்த 1.1 பதிப்பு இக்குறையை ஒப்புக்கொண்டது. பைட்டுகளைச் சரிவர வரியுருக்களாக மாற்றவில்லை என்று கூறியே ரீட்லைன் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. அதனிடத்தில் 'இன்புட்ஸ்ட்ரீம்ரீடர்', 'பஃபர்டுரீடர்' ஆகியவை வந்தன. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்யப்படும் அந்த நீண்ட வரி உண்மையில் ஒரு மொழியியல் உண்மையைச் சொல்கிறது: சேமிக்கப்படும் பைட்டு வேறு, அது குறிக்கும் எழுத்து வேறு.

2004இல் ஜாவா 5 'ஸ்கேனர்' வகுப்பைத் தந்தது. படிப்பதும் எண்ணாக மாற்றுவதும் ஒரே அடியில் முடிந்தன. எளிமையோடு இரு பொறிகளும் வந்தன. 'நெக்ஸ்ட்இன்ட்' எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வரிமுடிவை விட்டுவைக்கும்; அடுத்து வரும் 'நெக்ஸ்ட்லைன்' வெற்று வரியைப் பெறும். எண்ணுக்குப் பதில் சொல் வந்தாலோ, அச்சொல் உள்ளீட்டிலேயே தங்கிவிடும். அதை அகற்றாமல் மீண்டும் கேட்கும் மடக்கு முடிவின்றிச் சுழலும். ஆகவே முழு வரியாகப் படித்துப் பின்னர் ஆராய்வதே பாதுகாப்பான வழி.

இனி அந்த மூன்று விடைகளுக்கு வருவோம். பார்ஸ்இன்ட் ஒருங்குறியின் தமிழ்ப் பதின்ம இலக்கங்களையும் ஏற்கும். எனவே '௧௨' செல்லும். '௰' இலக்கமன்று, பத்தைக் குறிக்கும் தனிக்குறி. பழைய தமிழெண் முறை சுழியமின்றி இத்தகைய குறிகளால் இயங்கியது. தமிழ்ச் சுழியம் ஒருங்குறியில் சேர்ந்ததே 2005இல்தான்; ஜாவா அதை அறிந்தது 2011இன் ஏழாம் பதிப்பில்.

பெயரின் கதை இதனினும் ஆழமானது. ஒருங்குறியின் இந்திய எழுத்துத் தொகுதிகள், 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை அடியொற்றியவை. அம்முறையில் அகரமேறிய மெய் அடிப்படை. ஏனைய உயிர்கள் சார்ந்து வரும் குறிகள். அக்குறிகள் 'எழுத்து' என்னும் வகைக்குள் அடங்கா. ஆதலால் இஸ்லெட்டர் 'மீனா'வை மறுக்கிறது. இந்தி, தெலுங்கு, வங்கப் பெயர்களுக்கும் இதே கதிதான். ஏழாம் பதிப்பில் வந்த 'இஸ்ஆல்ஃபபெட்டிக்' உயிர்க்குறிகளை ஏற்கிறது, 'மீனா' நுழைந்துவிடுகிறாள். 'கண்ணன்' வாயிலிலேயே நிற்கிறான், புள்ளி அவ்வகையில் சேராமையால்! தொல்காப்பியம் மெய்யின் இயல்பாக வகுத்த புள்ளி, இங்கே பெயருக்கு உரியதன்றெனத் தள்ளப்படுகிறது.

2022இல் பதினெட்டாம் பதிப்பு யூடிஎஃப்-8ஐ இயல்புக் குறிமுறையாக்கியது. எனினும் முனையம் தன் சூழலுக்குரிய குறிமுறையில் பேசக்கூடும். 2025இன் இருபத்தைந்தாம் பதிப்பு ஒற்றைச் சொல்லில் வரியைப் படிக்கும் 'ரீட்எல்என்' வசதியைத் தந்தது. படிப்பது எளிதாகிவிட்டது, எதை ஏற்பது, எதை மறுப்பது என்னும் முடிவு மட்டும் இன்றும் நிரல் எழுதுபவர் கையில்.

கற்பிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர்ச் சோதனையில் எழுத்து வகையோடு சார்குறி வகையையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள்; அது ஒரு வரித் திருத்தமே. வகுப்பில் எழுதிய சோதனைதான் பின்னாளில் விண்ணப்பப் படிவத்துக்குள் செல்கிறது. அங்கே ஒருவரிடம் 'உங்கள் பெயர் செல்லாது' என்று சொல்லப்போவதும் அதே வரிதான்.