வெட்டரிவாளும் அறிஞர் அல்கிந்தியும்

தோப்பு வேலைக்கு வெட்டரிவாள் வாங்கும்போது நாம் பளபளப்பையே முதலில் பார்க்கின்றோம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தியோ, வாள்களைப் பற்றிய தம் நூலில் இரும்பையே முதலில் ஆராய்ந்தார். கடினமானதை ஆண் இரும்பு என்றும் மென்மையானதைப் பெண் இரும்பு என்றும் பிரித்தார். சுத்திகரித்து ஆக்கப்படும் எஃகைத் தனி வகையாக வைத்தார். சரன்தீப் எனப்பட்ட இலங்கையின் எஃகையும் குறிப்பிட்டார்.

அரிவாளுக்கும் இதே அளவுகோல்தான். முழுவதும் கடினமானால், கணுவில் பட்டுத் தெறிக்கும் சில்லு கண்ணையே பறித்துவிடலாம். முழுவதும் மென்மையானால் வாய் மடங்கும். வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் இருத்தல் வேண்டும்.

ஆகவே விலை பேசுமுன் கொல்லரிடம், எந்த இரும்பு, எவ்வாறு பதம் போட்டீர்கள் என்று கேட்போம். கண்ணும் கையும் நம்மிடமுள்ள அமானிதங்கள் அல்லவா?