எஞ்சின் எழுதும் ஏடு

வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்காக வாங்கப்பட்ட ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் 1907ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு வந்தன. அவற்றைப் பற்றிப் பேசும்போது கட்டணப் போட்டியையும் சிறைவாசத்தையுமே நாம் நினைக்கிறோம். அவற்றின் வயிற்றுக்குள் ஓடிய எஞ்சினை நினைப்பதில்லை. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போன அந்நாளில், கொதிகலனில் இட்ட ஒவ்வொரு கூடை நிலக்கரியும் கணக்கில் வரவேண்டியது. தின்ற நிலக்கரிக்கு ஏற்ற வேலையை எஞ்சின் செய்கிறதா? மூடிய சிலிண்டருக்குள் நடப்பதை எப்படி அறிவது?

இக்கேள்விக்கு விடை அதற்கும் நூறாண்டு முன்பே கிடைத்திருந்தது.

பென்சில் வரைந்த வளையம்

ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796ஆம் ஆண்டில் ஒரு சிறு கருவியை அமைத்தார். சிலிண்டரின் நீராவி அழுத்தம் ஒரு சுருள்வில்லை அமுக்க, பென்சில் மேலும் கீழும் நகரும். பிஸ்டன் போய்வரும்போது காகிதம் ஒட்டிய பலகை பக்கவாட்டில் நகரும். இரண்டும் சேர்ந்து ஒரு மூடிய வளைகோட்டை வரையும். அழுத்தத்தைக் கன அளவின் மாற்றத்தால் பெருக்கினால் வருவது வேலை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எனவே அந்த வளையத்தின் பரப்பே ஒரு சுற்றில் எஞ்சின் செய்த வேலை. வளையத்தின் மூலை மழுங்கியிருந்தால் வால்வு தாமதமாகத் திறக்கிறது என்று பொருள். வாட்டின் நிறுவனம் இக்கருவியை நெடுங்காலம் வணிக இரகசியமாகவே காத்து வந்தது. பின்னர் அது கப்பல் எஞ்சினியர்களின் வழக்கமான கருவியாயிற்று.

1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தம் முதல் எஞ்சினில் எரிபொருளைச் செலுத்தினார். அழுத்தம் ஏறக்குறைய 80 வளிமண்டல அளவுக்கு எகிறியது. அதை அளக்கப் பொருத்தியிருந்த கருவியே வெடித்துச் சிதறியது. டீசல் மனம் தளரவில்லை. மூடிய உருளையில் எரிதல் நிகழும் என்பதற்கு அதுவே சான்று என்று கொண்டார். 1897ஆம் ஆண்டுச் சோதனையில் அவர் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றிக் காட்டியது.

வீணாகும் புகைக்கு ஒரு வேலை

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. அந்தப் புகையால் ஒரு சிறு விசையாழியைச் சுழற்றி, அதே தண்டில் பொருத்திய காற்றமுக்கியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இதுவே டர்போசார்ஜர். 1920களில் ‘பிராய்சன்’, ‘ஹான்சஸ்டாட் டான்ஸிக்’ என்னும் இரு ஜெர்மன் கப்பல்களில் இதைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் எஞ்சின் 2,500 குதிரைத்திறன் தந்தது. 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடிக்கு இன்று வரும் சரக்குக் கப்பல்களிலும், கொள்கலன் சுமந்து வெளியேறும் லாரிகளிலும் டர்போசார்ஜரே மூச்சுக் கொடுக்கிறது.

பெட்ரோல் காரில் மட்டும் இது எளிதில் அமையவில்லை. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அளவுமீறி அமுக்கினால், தீப்பொறியின் சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் உள்ள கலவை தானாக வெடித்துவிடும். இதைத் ‘தட்டல்’ என்பார்கள். உலோகத்தைச் சுத்தியால் அடிப்பது போன்ற ஓசை எழும்; தொடர்ந்தால் பிஸ்டன் உருகி ஓட்டையாகும். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்காவின் ‘ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்’ கார், தட்டலை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தது. திரவத்தொட்டியை நிரப்பப் பலர் மறந்தனர். இரண்டே ஆண்டுகளில் அக்காரின் தயாரிப்பு நின்றது.

அட்டவணையைப் படிக்கும் கலை

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போ எஞ்சின் முழுச்சுமையில் ஓடும்போது இந்த விகிதத்தை 12 அளவுக்குக் குறைப்பார்கள். மிகையான பெட்ரோல் ஆவியாகிக் கலவையைக் குளிர்விக்கும், தட்டல் அடங்கும். விகிதத்தை அறிய உதவுவது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி. இது 1976ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதலில் இடம்பெற்றது. விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் அகன்ற அளவு உணரிகள் 1990களில் வந்தன.

இன்று காரின் கணிப்பொறி, சுழற்சி வேகம், காற்றழுத்தம், காற்றின் வெப்பநிலை, கலவை விகிதம், எரிபொருள் தெளிக்கும் நேரம், தட்டல் ஆகியவற்றை வினாடிக்குப் பல முறை பதிவு செய்கிறது. சதர்னின் பென்சில் செய்த வேலையேதான் இது.

ஓர் எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் நாம் கேட்ட விகிதம் 12.0, பதிவில் உள்ளது 13.2. முன்னதால் பின்னதை வகுத்தால் 1.10. அந்த இடத்தில் எரிபொருளை 10 விழுக்காடு கூட்டவேண்டும். கணக்கு இவ்வளவே. ஆனால் கூட்டுமுன் காரணத்தை அறியவேண்டும்.

6,000 சுழற்சியில் எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு 20 மில்லி வினாடிதான் ஆகிறது. தெளிப்பான் ஏற்கெனவே 19 மில்லி வினாடி திறந்திருந்தால், கூட்ட இடமே இல்லை. பெரிய தெளிப்பான் வேண்டும். எரிபொருள் அழுத்தம் சரிந்திருந்தால் குற்றம் பம்பினுடையது. அட்டவணையைத் திருத்திப் பயனில்லை. தீப்பொறி தவறினால் எரியாத ஆக்சிஜன் புகையில் மிஞ்சும். உணரி அதைக் கண்டு, எரிபொருள் குறைவு என்று பொய் சொல்லும். நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றுபவர் நோயை வளர்ப்பார். புகை உணரியை அடையச் சிறிது நேரம் ஆவதால், விகிதத்தை அதற்குச் சற்று முந்திய வரியோடு பொருத்திப் பார்க்கவேண்டும்.

ஊரின் காற்றும் கணக்கில் சேரும். 35 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குச் சூடானால், அதே அழுத்தத்தில் அடர்த்தி ஏறக்குறைய 7.5 விழுக்காடு குறையும். தூத்துக்குடி போன்ற கடற்கரையில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், காற்றின் கன அளவில் 3 விழுக்காட்டுக்கு மேல் நீராவிதான். அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. குளிர்ந்த, வறண்ட நாட்டில் தயாரித்த அட்டவணையை இங்கே அப்படியே நம்ப முடியாது என்பது இதனால் விளங்கும்.

இக்கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஒரு சிப்பியில் முத்துக் கண்டதும் குளிப்புக்கு நாள் குறித்துவிடமாட்டார்கள். முத்துப் பார்களில் மாதிரிச் சிப்பிகளை நிறைய எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பிறகே முடிவு செய்தனர். பதிவேட்டைப் படிப்பவருக்கும் அதே பொறுமை வேண்டும். ஒரு வரியைக் கண்டு தீர்ப்புச் சொல்லாமல், ஒரே நிலையில் பல முறை ஓட்டிப் பார்க்கவேண்டும்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டிலும் இவ்விதியே செல்லும். எதிர்பார்த்த எண்ணுக்கு மாறாக ஓர் எண் வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அளவுகோல் பிசகியதா, பொருள் மாறியதா என்று முதலில் கேளுங்கள். கருவி உடைந்த நாளையும் குறித்து வைத்தவர்தாம் டீசல்.