எரிந்துபோன மிம்பரும் கைகள் மறந்த கல்வியும்

 

1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 21ஆம் திகதி மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குத் தீ வைக்கப்பட்டது. தீ வைத்தவன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த டெனிஸ் மைக்கல் ரோஹன் என்பவன். அச்செய்தி முஸ்லிம் உலகம் முழுவதையும் உலுக்கியது. அடுத்த மாதமே ரபாத் நகரில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் ஒன்றுகூடினர். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு உருவாவதற்கு அந்த ஒன்றுகூடலே வழிகோலியது. இவற்றையெல்லாம் நாம் பல மேடைகளிற் கேட்டிருக்கிறோம். ஆயினும், அன்று அத்தீயில் எரிந்துபோன ஒரு பொருளைப் பற்றியும் அதனைச் செய்த கைகளைப் பற்றியும் நாம் அதிகம் பேசியதில்லை.

அது ஒரு மிம்பர். கதீப் ஏறி நின்று குத்பா ஓதும் மரமேடை. ஹிஜ்ரி 564இல், அதாவது 1168-69 காலப்பகுதியில், ஸுல்தான் நூருத்தீன் ஸன்கீ அவர்களின் கட்டளைப்படி ஹலப் நகரின் தச்சர்கள் அதனைச் செய்யத் தொடங்கினர். அந்நாளில் பைத்துல் முகத்தஸ் சிலுவை வீரர்களின் கையில் இருந்தது. 1099ஆம் ஆண்டிலிருந்தே அந்நிலைதான். எந்தப் பள்ளிவாசலில் வைப்பதற்காக அது செய்யப்பட்டதோ, அந்தப் பள்ளிவாசலின் வாசலில்கூட அத்தச்சர்களால் கால் வைக்க முடியாது. இது நிறைவேறாத வேலை என்று பலர் எண்ணியதாகவும், ஸுல்தான் தம் உறுதியிலிருந்து விலகவில்லை எனவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1174இல் நூருத்தீன் வபாத்தானார். 1187 ஒக்டோபரில் ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்கள் பைத்துல் முகத்தஸை மீட்ட பின்னர், ஹலபில் காத்திருந்த அந்த மிம்பரை வரவழைத்து அக்ஸாவில் நிறுவினார். ஏறத்தாழ 780 ஆண்டுகள் அது அங்கே நின்றது.

மன்னரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தமை வியப்பன்று. அதனைச் செய்த தச்சர்களும் தத்தம் பெயர்களை அதில் பொறித்துச் சென்றனர் என்பதே கவனிக்கத்தக்கது. ஹுமைத் இப்னு ழாபிர், ஸல்மான் இப்னு மஆலீ ஆகியோர் அவர்களுட் சிலர். மன்னரும் தச்சரும் ஒரே மரத்தில் பெயர் பெற்ற காலம் அது. நம் காலத்தில் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டால் நிதி வழங்கியோரின் பெயர்கள் சலவைக்கல்லில் இடம்பெறுகின்றன. மேசன் பாஸின் பெயரை யாரும் கேட்பதில்லை.

இனி அதன் வேலைப்பாட்டைப் பார்ப்போம். நட்சத்திரங்களும் பல்கோணங்களுமாக விரியும் அதன் பக்கங்கள் ஒரே பலகையில் செதுக்கப்பட்டவை அல்ல. சின்னஞ்சிறு மரத்துண்டுகள் தனித்தனியே வெட்டப்பட்டு, ஒன்றன் விளிம்பு மற்றதன் காடியில் அமரும்படி கோக்கப்பட்டவை. மரம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். ஒரே பெரும் பலகையாயின் சில ஆண்டுகளில் வளைந்து வெடித்துவிடும். சிறு துண்டுகளாகக் கோத்தால் ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் சற்றே அசைந்து கொடுக்கும்; முழு வேலையும் குலையாது நிற்கும். அழகுக்காகச் செய்ததென நாம் எண்ணும் ஒன்று, மரத்தின் இயல்பை அறிந்து அதற்கு இடம்கொடுத்த அறிவாகவும் இருக்கிறது.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? தச்சன் ஏட்டறிவு அற்றவன், கணித அறிஞன் கைவேலை அறியாதவன் என்ற பிரிவினை நம் முன்னோரிடம் இவ்வளவு ஆழமாக இருக்கவில்லை. 940 முதல் 998 வரை வாழ்ந்த அபுல் வபா அல்பூஸ்ஜானீ பக்தாதின் மாபெரும் கணித அறிஞர். கைவினைஞருக்குத் தேவையான கேத்திரகணிதம் பற்றி அவர் ஒரு தனி நூலே எழுதினார். கைவினைஞரும் கேத்திரகணித அறிஞரும் ஒன்றாக அமர்ந்த ஒரு சபையைப் பற்றி அவர் அதிற் குறிப்பிடுகிறார். ஒரே அளவான மூன்று சதுரங்களை வெட்டி இணைத்து ஒரே சதுரமாக்குவது எப்படி என்பதே அங்கு எழுந்த வினா. கைவினைஞர் சில வழிகளைக் காட்டினர். அவற்றுட் சில கண்ணுக்குச் சரியாகத் தோன்றினாலும் கணக்கிற் பிழையானவை. அறிஞரிடம் நிறுவல் இருந்தது. ஆனால் மரத்தை எங்கே அறுப்பதென்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரு சாராரின் குறையையும் அபுல் வபா தயங்காமற் சுட்டிக்காட்டினார்.

அவர் தந்த விடையை இளைஞர்கள் ஒரு கடதாசியில் வெட்டிப் பார்க்கலாம். மூன்று சதுரங்களில் இரண்டை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டுங்கள். நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாவது சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை, ஒரு மூலையில் தொடங்கி, ஒரே சுற்றுத் திசையில் வையுங்கள். காற்றாடி போன்ற வடிவம் வரும். வெளியே நிற்கும் நான்கு செங்கோண முனைகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் ஒரு பெரிய சதுரம் தோன்றும். கோட்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் துண்டுகளை வெட்டி உள்ளே காலியாக உள்ள இடங்களில் வைத்தால் மயிரிழை பிசகாது பொருந்தும். என் மகளுக்கு இதனைச் செய்துகாட்டியபோது, பாடசாலையில் பல மாதங்கள் வெறுத்திருந்த பாடத்தை அவள் முதன்முறையாகச் சிரித்தபடி பார்த்தாள். முதல் தடவை எனக்கே பிழைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மரவேலைக்குச் சொன்னது எழுத்துக்கலைக்கும் பொருந்தும். கலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஒரு சூராவைக் கொண்ட சமூகம் எழுத்தை வெறும் கருவியாகக் கருதியிருக்க முடியாது. 940இல் மறைந்த இப்னு முக்லா, மூன்று தடவை வஸீராக இருந்தவர். புள்ளியையும் அலிபையும் வட்டத்தையும் அளவாகக் கொண்டு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தவர் என அறியப்படுபவர். அரசியற் பகையால் அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்டது. அதன் பின்னரும் கையிற் பேனாவைக் கட்டி அவர் எழுதினார் என்பர். அவர் வகுத்த வழியை மெருகூட்டிய இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல் எழுதி முடித்த குர்ஆன் பிரதி இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது.

பிற்கால உஸ்மானிய மரபில் மாணவனுக்குத் தரப்படும் முதற் பாடம் ஓர் எழுத்தன்று, ஒரு துஆ. காரியத்தை இலகுவாக்கி, நன்மையில் நிறைவாக்கித் தருமாறு இறைவனிடம் கேட்கும் சிறு பிரார்த்தனை. அதையே அவன் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஆசிரியர் பிழையான இடத்தின் கீழே தம் கையால் சரியான வடிவத்தை எழுதிக் காட்டுவார், அதிகம் பேசமாட்டார். மாணவனுக்கு முதலில் கோபம் வரும். பிறகு சலிப்பு வரும். அதற்கும் பிறகு, தன் கை ஏன் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் நடுங்குகிறது, தான் ஏன் எப்போதும் அவசரப்படுகிறான் என்று பார்க்கத் தொடங்குவான். பல ஆண்டுகள் கழித்து ஆசிரியர் இஜாஸா வழங்கும்வரை தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரை இடும் உரிமை அவனுக்கு இல்லை. எழுதியதும் தன் பெயரைப் போட்டுவிடத் துடிக்கும் நமக்கு இது கடினமாகத் தோன்றலாம். தன்னை அறிதல் என்று நம் பெரியார்கள் சொன்னதன் ஒரு பகுதி இவ்வாறு தாளின் மீதே நடந்திருக்கிறது என்பது என் கருத்து.

மீண்டும் மிம்பருக்கு வருவோம். தீயின் பின் எஞ்சிய கருகிய துண்டுகள் ஹரம் ஷரீபிலுள்ள இஸ்லாமிய நூதனசாலையில் பாதுகாக்கப்பட்டன. அதனை முன்பிருந்தவாறே மீளச் செய்வதற்கு ஜோர்தான் அரச குடும்பம் முன்வந்தபோதுதான் உண்மையான இழப்பு வெளிப்பட்டது. பணம் இருந்தது, மரம் இருந்தது, புகைப்படங்கள் இருந்தன. புகைப்படத்தில் கோலம் தெரிந்தது. அக்கோலத்தைப் பிறப்பித்த கணக்குத் தெரியவில்லை. அதனை வரைபடமாக மீட்பதற்கே பல ஆண்டுகள் சென்றன. அவ்வேலையைச் செய்யவல்ல கைகளை ஒரே நாட்டிற் காண முடியாமையால் துருக்கி, எகிப்து, இந்தோனேசியா, ஜோர்தான் எனப் பல நாடுகளின் கலைஞர்கள் ஜோர்தானின் ஸல்த் நகரிலே கூடினர். 16,000இற்கும் மேற்பட்ட துண்டுகள் ஆணியும் பசையும் இன்றிக் கோக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய மிம்பர் அக்ஸாவில் நிறுவப்பட்டது. ஒரு மனிதனின் ஒரு நாள் வேலை எரித்ததை மீளச் செய்ய 37 ஆண்டுகள் கடந்திருந்தன.

இன்னொரு விந்தையும் உண்டு. இத்தகைய கலைகளை ஒரு கல்வித்துறையாகவே கற்பிக்கும் முயற்சியொன்று 1984இல் இலண்டன் றோயல் கலைக் கல்லூரியில் தொடங்கியது. தொடக்கியவர் கீத் கிரிட்ச்லோ என்ற ஆங்கிலேய அறிஞர். இஸ்லாமியக் கோலங்களின் கேத்திரகணிதம் பற்றி 1976இலேயே நூல் எழுதியவர். முஸ்லிம் பிள்ளைகள் தம் பாட்டனாரின் கலையைக் கற்க இலண்டன் செல்லும் நிலை அவ்வாறு உருவாயிற்று. இதனைக் குறையாகச் சொல்லவில்லை, நன்றியுடனேயே சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் வெட்கத்துடனும் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இந்த மரபின் சுவடுகள் உண்டு. ஹிஜ்ரி 337ஆம் ஆண்டைக் குறிக்கும் கூபி எழுத்துக் கல்வெட்டொன்று கொழும்பில் கிடைத்ததை சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827இல் உலகுக்கு அறிவித்தார். காலித் என்பவரின் மண்ணறைக் கல் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையில் யாரோ ஒருவர் உளியும் அளவும் அறிந்து அரபு எழுத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார். மருதமுனையின் கைத்தறியும் கிழக்குக் கரையோரப் பெண்களின் பாய் இழைப்பும் நாம் அறிந்தவையே. ஆயினும் பெற்றோர் சிலர் இவற்றைப் பரீட்சையில் தவறியோருக்கான கடைசி வழியாக மட்டுமே காண்கின்றனர். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ பெற்ற பிள்ளை ஒரு மாலைப்பொழுதேனும் தறியின் முன் அமர்ந்தால் அது காலவிரயம் என்று அஞ்சுகின்றனர்.

பிறரைச் சொல்வானேன்? என் உம்மம்மா பன் பாய் இழைப்பவர். குளத்தோரத்துப் பன்னை அறுத்து, காயவைத்து, சாயமேற்றி, லுஹருக்கும் அஸருக்கும் இடையில் உட்கார்ந்து இழைப்பார். ஒரு வரியில் ஓர் இழை மாறிவிட்டால் நான்கு வரிகளைப் பிரிப்பார். யாருக்கும் தெரியாதே என்று நான் கேட்டால், எனக்குத் தெரியுமே மகன், இதில் ஆள் ஸுஜூது செய்யப் போகுதே என்பார். எதைச் செய்தாலும் அதனைச் செம்மையாகச் செய்யுமாறு அல்லாஹ் விதித்துள்ளான் என்ற ஹதீஸை நான் மத்ரஸாவில் மனனம் செய்து ஒப்புவித்துப் பரிசு பெற்றேன். அவர் அதனை என் கண்முன்னே செய்துகொண்டிருந்தார், நான் கவனிக்கவில்லை. உயர்தரம் படிக்கும் நாளில், கடையில் பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கிறது, இதனை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொன்னவனும் நான்தான். அவர் பதில் சொல்லவில்லை. கையும் நிற்கவில்லை.

அவர் இழைத்த தொழுகைப்பாய் ஒன்று இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் ஓரம் சென்ற ஆண்டு பிரியத் தொடங்கிற்று. பழுது பார்க்கத் தெரிந்தவரை ஊரிலே தேடினேன். எழுபது வயதைக் கடந்த ஒரு தாயைக் காட்டினார்கள். அவர் பாயைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இழைத்தவர் இன்னாருடைய மகளா என்று என் உம்மம்மாவின் தாயின் பெயரைச் சொல்லிக் கேட்டார். இழையின் மடிப்பைக் கொண்டே அவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஓரத்தைத் தாம் கட்டித் தருவதாகவும், அதற்கு மகளை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அழைத்துவந்து பக்கத்தில் இருத்தும்படியும் சொன்னார். இரண்டு வெள்ளிக்கிழமைகள் மகளுக்கு வகுப்பு இருந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு அழைத்துச் சென்றேன்.