ராபர்ட் ஃபேகன்: ஓர் உருவப்பட ஓவியரின் அகழாய்வுகள் (1784–1816)

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமில் தங்கியிருந்த பிரிட்டிஷ் ஓவியர்களில் படம் வரைந்து மட்டுமே பிழைத்தவர்கள் குறைவு. சிலர் பணக்காரப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டினார்கள். சிலர் பழைய ஓவியங்களை வாங்கி விற்றார்கள். துணிச்சல்காரர்கள் நிலத்தைத் தோண்டினார்கள். ஸ்காட்லாந்து ஓவியர் கேவின் ஹாமில்டன் 1769இல் ஹேட்ரியன் பேரரசனின் மாளிகைப் பகுதியில் சதுப்பு நிலத்தை வடித்துச் சிலைகளை எடுத்து இந்த வழியைத் திறந்துவிட்டார். அதே வழியில் அடுத்த தலைமுறையில் நடந்தவர் ராபர்ட் ஃபேகன். அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவர் வாழ்க்கையின் பரபரப்பிலேயே மயங்கி நின்றுவிட்டார்கள். ஓவியமும் அகழாய்வும் அவருக்கு இரண்டு தனித்தனி ஈடுபாடுகள் அல்ல, ஒரே தொழிலின் இரு கைகள் என்பதே என் கருத்து. அவரைப் போன்றவர்கள் அந்தத் தொழிலை நடத்திய முறையே அதற்குக் கதவடைத்த சட்டத்துக்கும் ஒரு காரணமாயிற்று.

ஃபேகன் 1761 வாக்கில் லண்டனில் பிறந்தார். தந்தை அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து வந்து ரொட்டிக்கடை நடத்தியவர். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். 1781இல் ராயல் அகாதமியின் பள்ளியில் சேர்ந்த ஃபேகன், 1784 முதல் ரோமில் தங்கிவிட்டார். கத்தோலிக்கராக இருந்தது அங்கே பெரிய வசதி. 1790இல் அன்னா மரியா ஃபெர்ரி என்ற ரோம் நகரப் பெண்ணை மணந்தார். அவளை அவர் வரைந்த உருவப்படம் இன்று லண்டன் டேட் காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அவருடைய உருவப்படங்களில் புதுச் செவ்வியல் பாணியின் இலக்கணம் பளிச்சென்று தெரியும். துலக்கமான வெளிக்கோடு, பளிங்கை நினைவூட்டும் சருமம், வாழும் மனிதரைப் பழங்காலத்து உருவமாக நிறுத்தும் ஆசை எல்லாம் அதில் உண்டு. அயர்லாந்தின் லிமெரிக் நகரிலுள்ள ஹன்ட் அருங்காட்சியகத்தில் 1803ஆம் ஆண்டின் ஓர் ஓவியம் இருக்கிறது. அதில் ஃபேகன் தம்மையும் இரண்டாம் மனைவி மரியா லுடோவிகா ஃப்ளாயானியையும் வரைந்திருக்கிறார். மனைவி பண்டைப் பாணி உடையில் மார்பு திறந்தபடி நேராகப் பார்க்கிறாள். பக்கத்தில் இருக்கும் கணவனோ தன் காலத்து உடையில் இருக்கிறான். வீனஸ் சிலையைத் தோண்டி எடுத்தவன் அதன் அருகில் நிற்பதுபோல இருக்கிறது அந்த அமைப்பு. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் உண்மையாகவே ஒரு வீனஸைத் தோண்டி எடுத்திருந்தார்.

ரோமுக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய காம்போ யெமினி என்ற இடத்தில் 1794இல் நடந்த அகழாய்வு அது. ஆங்கிலேயப் பிரபு கார்பெட் கார்பெட்டும், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆறாவது மகன் இளவரசர் அகஸ்டஸும் ஃபேகனோடு அதில் பங்காளிகள். பழம் ரோமானிய மாளிகை ஒன்றின் இடிபாட்டில் ஆளுயர வீனஸ் சிலை கிடைத்தது. சிலை இங்கிலாந்தின் பட்டத்து இளவரசரிடம் போய்ச் சேர்ந்து, அவருடைய கார்ல்டன் மாளிகையை அலங்கரித்தது. பின்னர் நான்காம் வில்லியம் மன்னர் 1834இல் அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

அன்றைய நடைமுறையையும் இங்கே சொல்ல வேண்டும். போப்பின் ஆட்சிப்பகுதியில் தோண்ட உரிமம் வேண்டும். கிடைப்பதில் போப்பின் கருவூலத்துக்கு ஒரு பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, தோண்டியவருக்கு ஒரு பங்கு என்பது பொதுவான வழக்கு. நாட்டை விட்டு வெளியே அனுப்ப இன்னோர் உரிமம் வேண்டும். உடைந்து கிடைத்த சிலைக்கு மூக்கும் கையும் புதிதாகச் செய்து ஒட்டித் தர ரோமில் பட்டறைகள் இருந்தன. உருவப்படத்துக்காக ஓவியர் முன் அமர்ந்த பிரபுவே சிலைக்கும் வாடிக்கையாளர். படத்துக்கு ஒப்பந்தம் பேசிய அதே அறையில் சிலைக்கும் விலை பேசலாம். ஃபேகனுக்கு இந்த வித்தை கைவந்திருந்தது.

பழைய ஓவிய வணிகத்திலும் அவர் சளைக்கவில்லை. பிரெஞ்சுப் படைகளுக்கு அஞ்சி ரோமானியக் குடும்பங்கள் உடைமைகளை விற்ற காலத்தில், அல்டியேரி அரண்மனையிலிருந்த க்ளோத் லொரேனின் இரண்டு பெரிய நிலக்காட்சி ஓவியங்களை அவரும் சார்லஸ் கிரிக்னியன் என்ற ஓவியரும் வாங்கினார்கள். அவை கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்ததும், 1799இல் ஆங்கிலேயச் செல்வந்தர் வில்லியம் பெக்ஃபோர்ட் 6,500 கினி கொடுத்து வாங்கினார்.

ஃபேகனின் முக்கியமான அகழாய்வு, ரோமின் பழந்துறைமுகமான ஓஸ்தியாவில் நடந்தது. 1797 வாக்கில் தோர் போவாச்சானா கோபுரத்துக்கு அருகே அவர் தோண்டியபோது, ரோமானியர் வணங்கிய மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டுக் கூடம் (மித்ரேயம்) ஒன்று வெளிப்பட்டது. அங்கே கிடைத்த சிங்கத்தலை உருவம் இப்போது வத்திக்கானில் இருக்கிறது. மனித உடல், அதைச் சுற்றி ஏறும் பாம்பு, நான்கு இறக்கைகள், கைகளில் சாவிகள். கல்வெட்டு அதை கி.பி. 190ஆம் ஆண்டுக்குரியதாகக் காட்டுகிறது. மித்ராஸ் சமயத்தை ஆராய்பவர் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அந்தக் கூடம் சரியாக எங்கே இருந்தது என்று இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஓஸ்தியாவின் வரைபடத்தில் அதற்கு உறுதியான இடமில்லை. ‘ஃபேகன் மித்ரேயம்’ என்ற பெயர் மட்டும் நிற்கிறது. எந்தப் பொருள் எந்தச் சுவரோரம், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற குறிப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உருவத்தின் அழகை நொடியில் கண்டுகொண்ட ஓவியக் கண்ணுக்கு அது கிடந்த இடம் பொருட்டாகத் தோன்றவில்லை. ஃபேகனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் காலத்து அகழாய்வாளர் பெரும்பாலோரின் நிலை இதுதான்.

இதற்கிடையில் ரோமின் மனநிலை மாறிவிட்டது. 1796இல் பொலோஞ்ஞாவில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாடும் அதை அடுத்து 1797இல் வந்த தொலெந்தினோ உடன்படிக்கையும் நூறு கலைப்படைப்புகளைப் பிரான்சுக்கு ஒப்படைக்கப் போப்பைக் கட்டாயப்படுத்தின. பிரெஞ்சுக்காரர்கள் படை கொண்டு பறித்ததை ஆங்கிலேயர்கள் காசு கொடுத்து எடுத்துப்போனார்கள். இழந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். 1800இல் ரோமுக்குள் வந்த ஏழாம் பயஸ் போப், ஓஸ்தியா அகழாய்வைத் தம் அரசின் பொறுப்பிலேயே நடத்தச் செய்தார். 1802இல் சிற்பி கனோவா நுண்கலைகளின் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பழம்பொருள் ஏற்றுமதியைத் தடைசெய்யும் ஆணை வந்தது. அதன் பின்னால் தொல்பொருள் ஆணையர் கார்லோ ஃபேயாவின் உழைப்பு இருந்தது. ஓவியரும் வணிகரும் அகழாய்வாளரும் ஒருவரே என்றிருந்த காலம் இந்த ஆணையோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. 1820இல் வந்த பாக்கா ஆணை அந்தத் தடையை இன்னும் இறுக்கியது.

ஃபேகன் சிசிலிக்கு இடம்பெயர்ந்தார். 1809இல் சிசிலிக்கும் மால்டாவுக்கும் பிரிட்டனின் தலைமைத் தூதரானார். திந்தாரியிலும் செலினுந்தேயிலும் தோண்டினார். அரண்மனை அரசியலிலும் கைவைத்தார். பிரிட்டனின் பிரதிநிதியாக அப்போது சிசிலிக்கு வந்திருந்தவர் வில்லியம் பென்டிங். 1806 வேலூர்ப் புரட்சியை அடுத்துச் சென்னை ஆளுநர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டாரே, அவரேதான். தூதர் பதவி ஃபேகனுக்குச் செல்வாக்கைத் தந்தது, கடனை அடைக்கவில்லை. 1816 ஆகஸ்ட் 26 அன்று ரோமில் ஜன்னலிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் விட்டுச்சென்ற சேகரிப்பில் ஏதென்ஸ் பார்த்தெனனின் கிழக்குச் சிற்ப வரிசையைச் சேர்ந்த சிறு பளிங்குத் துண்டு ஒன்றும் இருந்தது. அமர்ந்திருக்கும் பெண் தெய்வம் ஒன்றின் பாதமும் உடையின் மடிப்பும் அதில் தெரிகின்றன. அது அவர் கைக்கு வந்த விதத்துக்கு ஆவணச் சான்று இல்லை. பார்த்தெனன் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துப்போன எல்ஜின் பிரபு கொடுத்திருக்கலாம் என்பது ஊகம்தான். ஃபேகனின் மனைவி அதைப் பலெர்மோ பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்துக்கு விற்றார். இரண்டு நூற்றாண்டு பலெர்மோவில் ‘ஃபேகன் துண்டு’ என்ற பெயரில் இருந்த அது, 2022 ஜனவரியில் கடனாக ஏதென்ஸ் சென்றது. அதே ஆண்டு ஜூனில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாகவே பொருத்தப்பட்டது.