போருக்குப் பின் வங்காளக் கிராமங்கள்: தொண்டும் அது போய்ச் சேர்ந்த வழியும்

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது வங்கதேசம் அடுத்தடுத்து இரண்டு பேரழிவுகளைக் கண்டிருந்தது. 1970 நவம்பரில் போலா தீவையும் அதைச் சூழ்ந்த கடலோரத்தையும் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டின் ஒன்பது மாதப் போரில் சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி மேற்கு வங்கம், திரிபுரா, மேகாலயா, அசாம் முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். போர் முடிந்ததும் இவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் ஊர் திரும்பினார்கள். திரும்பிய இடத்தில் கூரை இல்லை, உழவு மாடு இல்லை, விதைநெல்லும் இல்லை. பாலங்களும் ரயில் பாதைகளும் உடைந்து கிடந்ததால், வெளிநாடுகளிலிருந்து சிட்டகாங் துறைமுகத்தில் வந்து இறங்கிய தானியத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது.

அந்த ஆண்டுகளில் வந்த உதவியின் அளவு பெரியது. ஐ.நா. தனி நிவாரண அமைப்பு ஒன்றை டாக்காவில் நிறுவியது. ஆக்ஸ்ஃபாம், கேர், கிறிஸ்தவ திருச்சபை அமைப்புகள் எனப் பல வந்தன. ஆனாலும் கிராம ஏழைகளின் வாழ்வில் நிலைத்த மாற்றத்தை உண்டாக்கியவை பெரும்பாலும் கப்பலில் வந்த மூட்டைகள் அல்ல. கொடுத்த பொருள் யார் கைக்குப் போனது, ஏன் போனது என்று திரும்பிப் பார்த்த சில அமைப்புகளின் வேலைதான் அதைச் செய்தது.

அவற்றில் முதன்மையானது, வடகிழக்கே சுனாம்கஞ்ச் பகுதியில் ஷால்லா என்ற ஊரில் தொடங்கியது. ஆண்டில் பாதி நாள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் தாழ்நிலம் அது. மேடுகளில் மட்டும் வீடுகள் தீவு போலத் தெரியும். ஒரு போக நெல்லும் மீனும்தான் பிழைப்பு. மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அவர்களில் பலர் மீனவர்கள். போரில் இவ்வூர்கள் கொளுத்தப்பட்டன. சிட்டகாங்கில் ஷெல் நிறுவனத்தில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்த ஃபஸ்லே ஹசன் அபேத், லண்டனில் இருந்த தம் வீட்டை 6,800 பவுண்டுக்கு விற்று, 1972 தொடக்கத்தில் இங்கே நிவாரண வேலையை ஆரம்பித்தார். ஆக்ஸ்ஃபாம் நிதி கொடுத்தது. அசாமிலிருந்து மூங்கிலை வாங்கித் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. மீனவர்களுக்கு நூற்றுக்கணக்கில் படகுகளும் கிடைத்தன. பிராக் என்று இன்று உலகம் அறிந்த அமைப்பு இதுதான்.

வீடு கட்டியதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கூரை வந்தும் வறுமை அப்படியே இருந்தது. எனவே முதியோர் கல்வி, கூட்டுறவு, மருத்துவம் என்று அடுத்த கட்டம் தொடங்கியது. எழுத்தறிவு வகுப்புகளுக்குக் கூட்டமாக வந்தவர்கள் சில வாரங்களில் நின்றுவிட்டார்கள். பகலெல்லாம் வயலில் உழைத்தவருக்கு, தம் வாழ்வோடு ஒட்டாத பாடத்தில் மனம் செல்லவில்லை. பாடநூலையே கடன், நிலம், கூலி, நோய் ஆகியவற்றைச் சுற்றித் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஊர் முழுவதையும் ஒரே சங்கமாக வைத்த கூட்டுறவும் சரியாக நடக்கவில்லை. நிலம் வைத்திருந்தவர் பேசினார், கூலிக்காரர் தலையாட்டினார், பலன் பேசியவருக்கே போனது.

1974 பஞ்சம் இந்த உண்மையைக் கொடூரமாகக் காட்டியது. வெள்ளம் வயலை மூழ்கடித்து விவசாயக் கூலிவேலையை இல்லாமல் ஆக்கியது. அரிசி விலையோ எட்டாத உயரத்துக்கு ஏறியது. கியூபாவுக்குச் சணல் சாக்குகளை விற்றதற்காக அமெரிக்கா தன் உணவு உதவியை நிறுத்தி வைத்ததும் அதே நேரத்தில்தான். அரசு 5,862 கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. அவற்றில் 43 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். 1971 முதல் 1975 வரையிலான ஆண்டுகளில் தலைக்கு மிக அதிகமாக உணவு இருந்த ஆண்டு 1974தான் என்று பொருளியலாளர் அமர்த்திய சென் பின்னாளில் எடுத்துக்காட்டினார். அரிசி இருந்தது, அதை வாங்கும் வழி நிலமற்ற கூலிகளுக்கு இல்லை. ரங்பூர், மைமன்சிங், சில்ஹெட் மாவட்டங்களில் அடிபட்டவர்கள் அவர்களே.

இதன் பிறகு, ஊர் மொத்தத்துக்கும் உதவி என்ற எண்ணத்தைப் பிராக் கைவிட்டது. அரை ஏக்கருக்கும் குறைவாக நிலம் வைத்திருந்து கூலிக்குப் போகிறவர்களை மட்டும் தனிக் குழுக்களாகத் திரட்டியது. பெண்களின் குழுக்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. பத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வு ஒன்றை 1980-இல் ‘வலை’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. நிவாரணக் கோதுமை, வேலைத்திட்டக் கூலி, அரசு நிலம், கடன் எல்லாவற்றையும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிலரே எப்படித் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள் என்று அது ஒவ்வொரு முடிச்சாகக் காட்டியது. ஒரு தொண்டு நிறுவனம் தன் உதவி கசியும் இடங்களைத் தானே ஆராய்ந்து அச்சிட்டது பெரிய செயல்.

மற்ற அமைப்புகளும் தத்தம் வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. போர்க்காலத்தில் திரிபுராவில் மூங்கிலும் ஓலையும் கொண்டு 480 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை நடந்தது. அங்கே செவிலியர் பயிற்சி இல்லாத இளம்பெண்கள் சில நாள் பழக்கத்திலேயே காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான மருத்துவர் ஜஃப்ருல்லா சௌத்ரி, 1972-இல் சாவரில் கணஷாஸ்த்ய கேந்திரத்தைத் தொடங்கி, அந்த அனுபவத்தையே கிராம மருத்துவமாக்கினார். பயிற்சி பெற்ற பெண்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டார்கள், கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். பெண் சைக்கிள் ஓட்டுவதையே ஊர் வியப்போடும் வசையோடும் பார்த்த காலம் அது. வடமேற்கில், கூச்பிகார் முகாம்களில் அகதிகளுக்கு உதவிய லூதரன் திருச்சபைக் கூட்டமைப்பு, அவர்கள் ஊர் திரும்பியபோது பின்னாலேயே ரங்பூருக்கும் தினாஜ்பூருக்கும் வந்தது. அதன் பொறியாளர் குன்னார் பார்ன்ஸ் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய மிதிபம்பு, மூங்கில் மிதிகட்டைகளும் இரண்டு உருளைகளும் கொண்டது. டீசல் இயந்திரம் வாங்க முடியாத குடும்பம், ஆள் மாற்றி ஆள் மிதித்தே கோடையில் சிறு வயலுக்கு நீர் இறைத்தது.

1976-இல் சிட்டகாங் அருகே ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் ஆசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேரின் கடன் தேவையைக் கணக்கெடுத்தபோது மொத்தம் 856 டாக்காதான் வந்தது. அத்தனை சிறிய தொகைக்காக அவர்கள் வியாபாரிகளிடமும் வட்டிக்காரர்களிடமும் கட்டுண்டு கிடந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததே 1983-இல் தனிச் சட்டத்தால் அமைந்த கிராமீன் வங்கி.

ஆனால் உயிர் காத்ததில் உப்பும் வெல்லமும் கலந்த நீருக்கு இணையாக எதையும் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரை வாய்வழியே ஈடுகட்டலாம் என்பதை 1968-இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தினர் நோயாளிகளிடம் சோதித்துக் காட்டினார்கள். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அதையே பெருமளவில் பயன்படுத்தினார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கரைசலுக்கான பொடிப் பொட்டலம் எட்டாத கிராமத்துக்கு இதைக் கொண்டுசெல்ல பிராக் 1979-இல் ஷால்லாவில் ஒத்திகை பார்த்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வீட்டில் அளவுப் பாத்திரம் இல்லாததால், பணிப்பெண் அந்தக் குடும்பத்தின் சொந்தப் பாத்திரத்திலேயே அரை சேர் மட்டத்தில் ஒரு கோடு கீறிக் கொடுத்தாள். தாய் தன் கையாலேயே கலக்கிக் காட்ட வேண்டும். பிறகு இன்னொருவர் வந்து, தாய்க்கு எத்தனை குறிப்புகள் நினைவிருக்கின்றன என்று கேட்பார். அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே பணிப்பெண்ணுக்குச் சம்பளம்.

அப்படியும் தொடக்கத்தில், கற்றுக்கொண்ட தாய்மார்களில் மிகச் சிலரே உண்மையில் அதைப் பயன்படுத்தினார்கள். காரணம் தேடியபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரியவந்தன. பணியாளர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், கரைசலால் பிழைக்கும் நோயாளிகளை நேரில் பார்க்க வைத்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களோடு பேச்சு நடந்தது. 1980 முதல் 1990 வரை வீடு வீடாக நடந்து சுமார் 1.2 கோடிக் குடும்பங்களை எட்டினார்கள்.

நல்லெண்ணமே கேடாக முடிந்த கதையும் இந்த வரலாற்றில் உண்டு. குளத்துநீரால் பரவும் நோயைத் தடுக்க யூனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் 1970கள் முதல் கிராமங்களில் அடிபம்புகளைப் பரப்பின. பிறகு மக்களே லட்சக்கணக்கில் சொந்தச் செலவில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பம்புகள் இறைத்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது வங்கதேசத்தில் 1993-இல்தான் உறுதியானது. அதற்குள் கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்திருந்தார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துக் கரும்புள்ளி விழுந்தவர்களை ஊர் தொற்றுநோயாளியாக ஒதுக்கியது. புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். மாற்றாக அரசு போட்டுக்கொடுத்த ஆழ்குழாய்க் கிணறுகளில் பாதி எங்கே அமைய வேண்டும் என்பது நாடாளுமன்ற உறுப்பினர்களின் சொல்லுக்கு விடப்பட்டது. அவற்றில் பல செல்வாக்குள்ளவர்களின் வீட்டு முற்றத்திலும் அவர்களுக்கு வேண்டியவர்களின் வாசலிலும் போய் நின்றதை 2016-இல் வெளியான மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை பதிவுசெய்தது.